சுவரை அறுத்துப் பார்த்த டிக்கெட் பரிசோதகர்

எனக்கு யாரையும் நம்ப வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை; சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறேன். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். தூங்குகிற பயணி நிஜமாகவே தூங்குகிறானா என்று குனிந்து பார்ப்பேன். ஓய்வு பெற்றதும் ஏறிப் பார்க்க பஸ் இல்லை; வீடுதான் இருந்தது.

பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. ஹாலில் ஒரு பகுதியை ஜிப்சம் போர்டால் தடுத்து மகள் நிஷாவுக்கு அறை ஆக்கியிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் ஜன்னல் சாரலில் ஹால் பக்கத்துப் பலகை ஊறி வயிறு தள்ளிவிட்டது. அடுத்த வாரம் அவளுக்கு அந்த அறையில் கம்ப்யூட்டர் வழியாக இண்டர்வியூ. அதற்குள் வேலை முடிய வேண்டும்.

காஞ்சிரங்குளத்திலிருந்து பலகை வேலைக்காரன் வில்சன் வந்தான். பெருவிரலால் பலகையை அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

"இது புட்டி பூசினா நிக்காது சாரே. உள்ள மாவாயிட்டு. மாத்தணும்."

"புட்டி வச்சு பெயின்ட் அடிச்சா போதாதா மக்கா?"

"அடிக்கலாம். அடுத்த மழைக்கு என்னைக் கூப்பிட்டுத் திட்டுவிய."

நியாயமான பதில். அதனால்தான் சந்தேகம் வந்தது. (டிக்கெட் எடுக்காதவன்தான் எப்போதும் நியாயமாகப் பேசுவான்.)

அன்று சாயங்காலம் பழைய பலகையைக் கழற்றி வராந்தாவில் சாய்த்துவிட்டுப் போனான். இதையே சுரண்டி, வெள்ளையடித்து, புதுசு என்று திரும்ப மாட்டிவிட்டால்? பலகையின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டேன், தமிழிலும் மலையாளத்திலும். ஒன்றை அழித்தாலும் மற்றது காட்டிக் கொடுக்குமாம்.

மறுநாள் உதியன்குளங்கரையில் ஒரு கல்யாணம். திரும்பி வந்தபோது சுவர் பளபளவென்று நின்றது. வில்சனும் இல்லை, வராந்தாவில் பழைய பலகையும் இல்லை. சுவரைத் தட்டினேன். நல்ல சத்தம்தான் வந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

இண்டர்வியூ அன்று என் மனைவி வசந்தா சந்தைக்குப் போயிருந்தாள். "ஒரு மணிக்கூறுக்கு அனக்கம் காட்டப்பிடாது அப்பா, ஒரு சத்தமும் கேக்கப்பிடாது" என்று சொல்லி நிஷா கதவைச் சாத்தினாள். சாட்சி யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

ஆக்ஸா பிளேடை எடுத்து, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம் அறுத்தேன். அனக்கமே இல்லை. மூன்று பக்கம் முடிந்தது. நாலாவது பக்கம் முரண்டு பிடித்ததால் நீளத் திருப்புளியைக் கொடுத்து ஓங்கி உந்தினேன். அது உள்ளே இருந்த இடைவெளியைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பலகையையும் துளைத்துக்கொண்டு மகளின் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

உள்ளே ஒரு ஆண்குரல், பின்னால் என்ன அது என்று இங்கிலீஷில் கேட்டது.

"என் அப்பா, சார்" என்றாள் நிஷா.

துண்டு கையோடு வந்தது. பின்பக்கம் சுத்தமாக இருந்தது; பலகை புதுசுதான்.

சந்தையிலிருந்து வந்த வசந்தா ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். கொல்லைக்கு அழைத்துப் போய் விறகுக் குவியலைக் காட்டினாள். "பழசை நானாக்கும் கேட்டு வாங்கி வெறகுக்கு மேல போட்டேன். அதுல ஒங்க கையெழுத்து எதுக்கு கெடக்குன்னு அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன்."

நிஷாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. வெட்கத்தில் நான் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

வில்சனை மறுபடி கூப்பிட்டோம். "ரெண்டு பலகையையும் மாத்திரு மக்கா" என்றேன், பிராயச்சித்தம்போல.

"எதுக்கு சாரே? இது நனையாத பலகையாக்கும். துண்டு வச்சு ஒட்டினா மதி, அதே போரும்." அறுத்த துண்டை என்னிடம் நீட்டினான். "கையெழுத்து வேணும்னா இப்பவே போட்டிருங்க."

அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்றுவரை அது எனக்குச் சந்தேகம்தான்.

நிஷாவுக்குப் பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. போன மாதம், கட்டிக்கொள்ளப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நல்ல பையனாகத் தெரிந்தார். அதனால் தலையிலிருந்து கால்வரை இரண்டு முறை பார்த்தேன்.

"அப்பா, என்ன வேணும்னாலும் கேட்டுக்கிடுங்க" என்றாள் நிஷா. "அறுத்து மட்டும் பாக்கப்பிடாது."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.