இன்னும் சம்பந்தி ஆகாத தொன் எவாரிஸ்தோவுக்கு, உடைந்த சிமினேயா விஷயமாக

மாசமித்லா,
ஜனவரி கடைசி ஞாயிறு.

மதிப்பும் மரியாதையும் மிக்க தொன் எவாரிஸ்தோ விர்ஹென் அவர்களுக்கு,

பஞ்சர் கடை ஃபிதென்சியோ பிளான்கார்தே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி ஒத்தீலியா, மகள் யுரீரியா, கோழிகள் எல்லோரும் மூக்கு ஒழுகுவதைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே தெகோமானில் நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் எலுமிச்சைத் தோப்பும் குவாதலூப்பே மாதாவின் நிழலில் செழிப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் மகன் உலிசெஸுக்கு என் மகளைக் கொடுப்பதா இல்லையா என்று, பெண் கேட்டு வந்த அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பதில். இரண்டு, நீங்கள் கூட்டி வந்த சாமியார் கையால் உடைந்துபோன என் சிமினேயாவுக்கு, அந்த மண்பானைக் கணப்புக்கு, பதிலாகப் புதிது வாங்கித் தர வேண்டும், அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று. பெண் விஷயம் பெரிய விஷயம், கடைசியில் வருகிறேன். பானை விஷயத்தில்தான் எனக்கு ஞானம் அதிகம், முதலில் அது.

அதை நான் ஏன் வாங்கினேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் ஒத்தீலியா விருந்தாளிகளை எண்ணினாள், பிறகு எங்கள் கூடத்து நாற்காலிகளை எண்ணினாள், பிறகு என்னைப் பார்த்தாள். கொல்லையில்தான் உட்கார வைக்க வேண்டும். ஆனால் எங்கள் மலையில் ஜனவரி மாதக் கொல்லை என்பது ஐஸ் பெட்டிக்குள் நாற்காலி போட்ட மாதிரி. நீங்களோ ஒரு மேகம் சூரியனை மறைத்தாலே ஸ்வெட்டர் தேடும் கடற்கரைக்காரர்கள். பல் கிட்டிக்கொண்டால் வாய் திறந்து எப்படிப் பெண் கேட்பீர்கள்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பானை வயிறு, முன்னால் விறகு வைக்க ஒரு வாய், மேலே புகை போக நீளக் கழுத்து, கொல்லைக்கு நடுவில் கம்பீரமாக ஒரு மண் சிமினேயா. இந்த வீட்டில் யோசனை என்று எனக்கு வந்து, அதற்கு மறுப்பும் வராமல் நிறைவேறியது அதுதான் முதல் தடவை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச எனக்கு உரிமை உண்டு.

வாங்குவதற்குத் தொனலா சந்தைக்கே போங்கள், நான் அங்கேதான் போனேன். வழியில் நெடுஞ்சாலை ஓரத்தில் சூரியன், பல்லி, தவளை எல்லாம் வரைந்து பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள், மயங்கிவிடாதீர்கள். பெயிண்டுக்கு அடியில் என்ன விரிசல் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். நான் காலமெல்லாம் ட்யூபில் ஓட்டை தேடிப் பிழைக்கிறவன், என்னை ஏமாற்ற முடியுமா? கடையில் இருந்த அத்தனையையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் பூசணிக்காய் மாதிரி தொப்பென்று அடங்கிவிடும். சுவர் கனமாக இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கழுத்து வயிற்றோடு சேரும் இடத்தை உள்ளேயும் வெளியேயும் விரலால் தடவ வேண்டும், செய்தவன் சோம்பேறி என்றால் அங்கேதான் தெரியும். டார்ச்சை உள்ளே விட்டு வெளிச்சம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, பழக்க தோஷத்தில், பையிலிருந்த சோப்புத் தண்ணீரைக் கழுத்தைச் சுற்றித் தடவி எங்கே குமிழ் வருகிறது என்று குனிந்து காத்திருந்தேன். காற்று அடிக்காத பானையில் குமிழ் எங்கிருந்து வரும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. கடைக்காரம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஐயா, அதை வாங்கப் போறீங்களா, குளிப்பாட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்றாள். வாங்கினேன். தாங்குவதற்கு இரும்பு முக்காலியும் வாங்கினேன், அது ஆடக்கூடாது, நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். சோப்பு மட்டும் வேண்டாம்.

பஸ்ஸில் என் மடியிலேயே ஊர் வந்து சேர்ந்தது. ஒத்தீலியாவின் கல்யாணப் போர்வையைச் சுற்றியிருந்ததால் பின் சீட்டு அம்மா ஒருத்தி, பிள்ளைக்கு மூச்சு முட்டும், முகத்தையாவது திறந்து விடுங்கள் என்று வழி நெடுக என்னோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் திறந்து காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

கொண்டுவந்த அன்றே கொளுத்திவிடாதீர்கள், தொன் எவாரிஸ்தோ, இது முக்கியம். வாய்க்குக் கீழே வரைக்கும் எரிமலைக் கல்லும் மேலே மணலும் கொட்ட வேண்டும், நெருப்பு நேராக மண்ணைத் தொடக்கூடாது. பிறகு பழக்க வேண்டும். முதல் சில சாயங்காலங்கள் காகிதமும் சுள்ளியும் மட்டும். தானாக எரிந்து, தானாக ஆற வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சுள்ளி சுள்ளியாக ஊட்டுவதை என் மச்சினன் லிப்ராதோ வேலியில் சாய்ந்துகொண்டு தினமும் பார்ப்பான். நீங்கள் அவனைப் பார்த்திருக்கிறீர்கள், மீசையோடு சிரிக்கிறவன். "என்ன மாமா, குழந்தைக்கு இன்னிக்காவது கட்டிச் சோறு உண்டா, இல்ல கஞ்சிதானா?" என்பான். கடையில் கிடக்கிற டயர் துண்டு ஒன்றைப் போட்டால் ஒரே நிமிஷத்தில் ஜெகஜ்ஜோதியாக எரியும் என்று யோசனை வேறு. டயர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கிட்டவே வரக்கூடாது. பைன் விறகும் வேண்டாம், அது பட்டாசு மாதிரி பொறி கக்கும். காய்ந்த ஓக் விறகு, அதுவும் கொஞ்சமாக. கழுத்து வழியாக ஜுவாலை எட்டிப் பார்த்தால் அதிகம் தின்றுவிட்டது என்று அர்த்தம். கழுத்தின் மேல் ஒரு கம்பி வலை போடுங்கள், வீட்டுச் சுவர், மரக்கிளை, துணிக்கொடி எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். துணிக்கொடி விஷயத்தை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒத்தீலியாவின் நல்ல மேஜை விரிப்பில் பொறி விழுந்து பொத்தல் பொத்தலாகிவிட்டது. நீங்கள் வந்த அன்றைக்கு அதைத்தான் விரித்திருந்தோம், பொத்தல் தெரியாமல் தட்டுகளை வைத்திருந்தாள். உங்கள் தட்டுக்கு அடியில் பெரியது ஒன்று இருந்தது. நீங்கள் மறு சோறு வேண்டாம் என்று தட்டை நகர்த்தியபோது அவள் அலறியது அதனால்தான், உபசாரம் என்று நினைத்திருப்பீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. சூடாக இருக்கும்போது தண்ணீர் படக்கூடாது. மண் சட்டென்று குளிர்ந்தால் பிளந்துவிடும். தீ அடங்க வேண்டுமானால் மணல், தண்ணீர் இல்லை. இதை நான் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து இறங்கியதும் வணக்கம்கூட அரைகுறையாகச் சொல்லிவிட்டு உங்கள் எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி, கையில் இடுக்கியோடு ஒவ்வொரு விதியாக ஒப்பித்தேனே, நினைவிருக்கும். என் வீட்டார் ஆளுக்கொரு வேலையாய் நழுவிவிட்டார்கள். உங்கள் வீட்டம்மா கணப்பை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள், நீங்கள் பிர்ரியா ஆட்டுக்கறி வாசம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உலிசெஸ் மட்டும் நகராமல் என் எதிரில் நின்று, ஒவ்வொரு விதிக்கும் தலையாட்டினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது ஒத்தீலியாவின் வேலை. அவளுக்கு முதலிலிருந்தே அந்த நெருப்பு வயிற்றின் மேல் ஒரு பயம். உங்களோடு நபோர் சாமியாரும் வந்திருந்தாரே, அவரிடம், வீட்டுக்குப் புதுசாக வந்திருக்கிறது, ஒரு மந்திரிப்பு செய்துவிடுங்கள் சாமி என்று கேட்டாள். எங்கள் ஊரில் புது லாரி, புது மாவு மெஷின், புதுப் பல்செட்டைக்கூட மந்திரிக்காமல் யாரும் பயன்படுத்துவதில்லை, அதனால் எனக்கும் அது தப்பாகப் படவில்லை. தண்ணீர் கூடாது என்று தொண்டை வறளக் கத்தியவன்தான் நான். ஆனால் தீர்த்தத்தைப் போய் யாராவது தண்ணீர் என்று நினைப்பார்களா, சம்பந்தி? (பேனா தவறிவிட்டது, நான் இன்னும் பதில் சொல்லவில்லை.) எங்கள் பங்குச் சாமியார் என்றால் விரல் நுனியில் நாலு சொட்டு தெளிப்பார், குளிருக்கு அவருக்கே பயம். உங்களவர் கடற்கரைச் சாமியார், கை தாராளம். ஒரு கட்டுக் கார்னேஷன் பூவை வாளியில் முக்கி, பிதா என்று ஒரு வீச்சு, சுதன் என்று ஒரு வீச்சு. பரிசுத்த ஆவி வரைக்கும் சிமினேயா காத்திருக்கவில்லை.

துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். முன் பக்கம் பிளந்து விழுந்து தணலெல்லாம் தரையில் உருண்டது, கட்டை ஒன்று எரிந்துகொண்டே உங்கள் வீட்டம்மா உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. நீங்கள் அந்த நேரத்தில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்ததால் அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, அங்கே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்திருந்தால் நானும் வந்திருப்பேன். உலிசெஸ் அம்மாவை நாற்காலியோடு தூக்கி அப்பால் வைத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமியாரின் வாளியைப் பறித்துக்கொண்டு, அதில் மிச்சமிருந்த தீர்த்தத்தோடு, பாதி நின்றுகொண்டிருந்த பானையை நோக்கி ஓடினேன். ஆமாம், நான்தான். ஊற்றியிருந்தால் மிச்சப் பாதியும் வெடித்து என் முகத்திலும் பக்கத்தில் நின்ற ஒத்தீலியாவின் முகத்திலும் வந்து அடித்திருக்கும். உங்கள் மகன் குறுக்கே வந்து வாளியைப் பிடுங்கினான்.

"ஐயா, தண்ணி வேண்டாங்க. நீங்கதானே சொன்னீங்க" என்றான்.

பிடுங்கிய வேகத்தில் தண்ணீர் முழுவதும் என் ஒரே நல்ல கால்சட்டை மேல் கொட்டியது. அவன் சுவரோரம் கிடந்த மணல் மூட்டையைக் கவிழ்த்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுத் தணலை அடக்கினான். எல்லாம் அடங்கியதும் லிப்ராதோ வேலிப் பக்கத்திலிருந்து, "மாமாவுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு, இனிமே பேரு வைக்க வேண்டியதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாமியார் சிரித்தார், கூண்டுக்குப் பின்னாலிருந்து நீங்களும் சிரித்தீர்கள், குரல் கேட்டது. இரண்டு குடும்பத்துக்கும் முன்னால், பெண்ணைக் கொடுக்க வேண்டியவன், இடுப்புக்குக் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றேன். அதனால்தான் நீங்கள் வந்த விஷயத்தைச் சாமியார் எடுத்தபோது, பதிலைக் கடிதத்தில் எழுதுகிறேன் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவன், உங்கள் வண்டி கிளம்பும் வரை வெளியே வரவில்லை. மாற்றிக்கொள்ள வேறு கால்சட்டை காயவில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்றிலிருந்து யுரீரியா என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலுக்குள் போய் டீச்சராகவே உட்கார்ந்த முதல் ஆள் அவள், கோபத்தைக்கூட ஒழுங்காகச் செய்வாள். தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். உப்பு கேட்டால் ஜாடி இருக்கும் திசையைப் பார்க்கிறாள். நானும் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே யோசித்தேன். முதலில், பெரியவன் கையிலிருந்து வாளியைப் பிடுங்குகிறவனுக்கா பெண் என்று யோசித்தேன். அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். இந்த வீட்டில் நான் எத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்! ரேடியோ பாடுவதைக்கூட யாராவது கேட்கிறார்கள். என்னுடையதை யாரும் கேட்டதில்லை. இந்தப் பையன் ஒரே தடவை கேட்டான், மனசில் வைத்தான், சொன்ன நானே மறந்த நேரத்தில் அதை எடுத்து என்னிடமே நீட்டினான். என் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு வாக்கியம் முதல் முறையாக ஒரு மனிதனின் காதுக்குள் போய்க் குடியிருந்திருக்கிறது. இதைவிட ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், டயரைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுகிறேன், அவர்களால் ஓட முடியாது.

ஆகவே, தொன் எவாரிஸ்தோ, என் பதில்: சம்மதம். முழு மனதோடு கொடுக்கிறேன். என் பேச்சைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆளுக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பு, நாற்காலியைப் பழுது பார்த்தாகிவிட்டது. நபோர் சாமியாருக்கு என் வணக்கம், அடுத்த தடவை வாளி இல்லாமல் வரச் சொல்லுங்கள். உங்கள் தோப்பில் பூவெல்லாம் காயாகி, காயெல்லாம் நல்ல விலைக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு,

இப்போது தைரியமாக, உங்கள் சம்பந்தி,
ஃபிதென்சியோ பிளான்கார்தே.

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்த்துத் தபாலில் போடச் சொல்லி இதை யுரீரியாவிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தவள் உட்கார்ந்துவிட்டாள், அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு இதுதான்: "அப்பா, அவரு எங்க உங்க பேச்சைக் கேட்டாரு? உங்களுக்குப் பின்னாடி ஜன்னல்ல நான் நின்னு தலையாட்டுங்கன்னு சைகை காட்டினேன், ஆட்டினாரு. ஏதாவது ஆச்சுன்னா எங்கப்பாதான் முதல் ஆளா தண்ணியத் தூக்கிட்டு ஓடுவாரு, வாளியப் பிடுங்கிடுங்க, பிடுங்கினதும் 'நீங்கதானே சொன்னீங்க'ன்னு சொல்லிடுங்க, கோவம் பாதி குறைஞ்சிடும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன்." ஆகவே மேலே நான் எழுதிய காரணம் முழுவதும் தப்பு. அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் தாளும் தீர்ந்துவிட்டது. என் பேச்சை இத்தனை வருஷமும் கேட்டிருந்தது என் மகள்தான். நான் அதை மறப்பேன் என்பதையும் சேர்த்துத் தெரிந்து வைத்திருக்கிறாள். ஆனாலும் பதிலை மாற்றவில்லை. நெருப்புக்கு நடுவில் நின்றுகொண்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் செய்திருக்கிறான். ஒத்தீலியாவிடம் நான் இன்றுவரை அந்த அளவுக்குத் தேறவில்லை. உங்கள் மகனை நினைத்தால் எனக்கு முன்பைவிடப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.