தகர டப்பாவில் எலி

சிமென்ட் மூட்டை இறக்கிய தோள், கழன்று விழுந்துவிடுவேன் என்று மிரட்டியது. வயிறும் எரிந்தது. பசியால் அல்ல. பாடகன் தனியாகப் பாட்டு வெளியிட்டிருந்தான்.

இருவரும் பத்து வருஷம் ஒரே ராக் குழுவில் கிடந்தவர்கள். இவன் டிரம்ஸ், பட்டப்பெயர் இடி. பாடகன் தனியாகக் கிளம்பியதும் குழு கலைந்தது. நல்ல டிரம்மர் என்ற பேர் ஒன்றுதான் இடிக்கு மிச்சம்.

செல்போனில் பாட்டைக் கேட்டான். குரலில் குறை சொல்ல வழியில்லை. கிட்டாரும் கைவிட்டுவிட்டது; நன்றாகவே இருந்தது. கால் வேறு சூடு சொரணை இல்லாமல் தாளம் போட்டது.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் மனைவி.

"என்னத்த நல்லா இருக்கு? டிரம்ஸ் எந்தப் பயலோ! தகர டப்பாவுல எலி ஓடுற மாதிரி இருக்கு."

அதையே கள்ளப் பெயரில் பாட்டுக்குக் கீழே எழுதினான். ஒருத்தரும் சீண்டவில்லை. மனைவியின் போனைப் பிடுங்கி, 'சரியாச் சொன்னீங்க சார்' என்று தனக்கே ஒத்து ஊதினான்.

"ஏங்க, யாரு அந்த சார்?"

"உன் வேலையப் பாரு."

மச்சான் போனும் கைக்கு வந்தது.

மறுநாள் மதியத்துக்குள் ஊரே எலியைப் பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குத் தகர டப்பாவை உருட்டி வீடியோ போட்டார்கள். சிரிக்க வந்தவர்கள் பாட்டையும் கேட்டுத் தொலைத்தார்கள். கேட்டவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது.

"அடப்பாவி, நானே அவன ஏத்தி விட்டுட்டேனே!" என்று இடி தலையில் அடித்துக்கொண்டான்.

பேச்சைத் திருப்பியாக வேண்டும். 'பாட்டை விடுங்க. அந்த டிரம்மர் யாருன்னு பேரச் சொல்லச் சொல்லுங்க!' என்று எழுதினான். சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேர் அதையே கேட்டார்கள். இடிக்குத் தோள்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. எவனோ ஒருத்தன் மாட்டப்போகிறான்.

போன் அடித்தது. பாட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்காரர்.

"அண்ணே, பாட்டு பிச்சுக்கிட்டுப் போகுது! போன வருஷ ஒத்திகையில நீங்க அடிச்சது எங்கிட்டப் பதிவா இருந்துச்சு, அத அப்படியே வெட்டி இந்தப் பாட்டுல போட்டோம்ணே. 'இவன் அடிக்கு வேற ஆளே கிடையாது'ன்னு பாடகர் ஒத்தக் கால்ல நின்னாரு. இப்ப ஊரே கேக்குதுண்ணே, உங்க பேரப் போடுறது ஒண்ணுதான் இன்னும் பாக்கி."