மழுங்கிப்போன ஜப்பான் உருக்கு

"வெட்டலையாம்ணே. வாழைப்பூவுக்கே இறங்க மாட்டேங்குதாம். நீங்களே வந்து பாக்கணுமாம்."

ஓங்கிய சுத்தியலோடு கோம்பைப் பட்டறையில் அப்படியே நின்றார் சுருளியாண்டி ஆசாரி. சேதி கொண்டுவந்தவன் வெற்றிலை வண்டிக்காரன் சின்னக்கருப்பு. வெட்டாத சாமான், மகள் சந்தனம்மாளுக்குக் கல்யாணச் சீராக அவரே அடித்துக் கொடுத்த அரிவாள்மனை.

"யாரு சொன்னது? அந்த அக்கம்மாளா?"

அக்கம்மாள் சந்தனம்மாளின் மாமியார்.

"வீட்டுல சொல்லிவிட்டாக. அம்புட்டுத்தான் தெரியும்."

சீர்ச் சாமானில் குறை வந்தால் பிறந்த வீட்டார்தான் நேரில் போய்த் தீர்க்க வேண்டும். மற்றபடி பெண் கொடுத்த வீட்டு வாசலைச் சும்மா மிதிப்பவரில்லை ஆசாரி. காரணமில்லாமல் போய் நின்றால் மரியாதை போய்விடும் என்பது அவர் கட்சி.

மகள் வாழ்க்கைப்பட்ட வடுகபட்டிக்குப் போனார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மகள் வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டார். லாரி வில்பட்டையில் அடித்த புது அலகை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

அடுத்த மாதமே சின்னக்கருப்பு வந்து தலையைச் சொறிந்தான்.

"பூசணிக்காயில வழுக்குதாம்ணே."

"லாரியவே தாங்குன இரும்புலே அது!"

சீமை அரத்தைக் காய்ச்சி அடித்துக் கொண்டுபோனார். அதுவும் மழுங்கியது. இதற்குள் சங்கதி ஊரெல்லாம் பரவி, வாழைத்தோப்பு வீரபாண்டி கொடுத்திருந்த அரிவாள் வேலையைத் திருப்பிக் கேட்டார்.

"உம்ம மக வீட்டுலயே வெட்டலையாமே? நான் சின்னமனூர்ல குடுத்துக்கிறேன்."

ஆசாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த பட்டறைப் பேரை ஒரு பொம்பளை வாழைப்பூவை வைத்துக் கவிழ்க்கிறாள்! பால்மாட்டை விற்று மதுரைக்கு பஸ் ஏறினார்.

"அந்தப் பொம்பள பூசணிக்கா நறுக்க நம்ம மாடு போகணுமா?" என்று மனைவி மலையம்மாள் கத்தியது பஸ் வரைக்கும் கேட்டது.

இரும்புக் கடைக்காரர் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒரு பாளத்தை எடுத்து வைத்தார்.

"ஜப்பான் உருக்கு."

"ஜப்பானா? அவுக பொம்மைக்குத் திருவிழா முடியுமுன்ன தலை கழண்டுருதுய்யா!"

"பொம்மை வேற. இது அவுக வாளுக்குப் போடுற உருக்கு."

ஆசாரி தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். அரத்தால் ராவினார், அரம்தான் வழுக்கியது. ஓர் ஓரத்தை உடைத்துப் பார்த்தார். உள்ளே மாவு போல் அத்தனை நுணுக்கம். மாடு விற்ற காசை எடுத்து எண்ணி வைத்தார்.

பட்டறைக்குத் திரும்பி, சோறு தண்ணி மறந்து அடித்தார். வடுகபட்டியில் சம்பந்தி வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, தலைமுடி ஒன்றை அலகின்மேல் போட்டுக் காட்டினார். முடி இரண்டாக விழுந்தது. சந்தனம்மாள் மட்டும் ஏனோ முகம் வாடிப்போனாள்.

"இனி இந்த ஜென்மத்துக்கு நான் இங்கன வரவேண்டியதில்ல!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாதம் திரும்பியது. சின்னக்கருப்பு இந்தத் தடவை பட்டறைக்குள் வரவில்லை; வண்டியிலிருந்தே கத்தினான்.

"கத்திரிக்கா நசுங்குதாம்ணே!"

அடுத்த பஸ்ஸில் வடுகபட்டி. நேரே அடுப்படிக்குள் புகுந்து அரிவாள்மனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இத்தனை நாளும் தன் இரும்பைத்தான் சந்தேகப்பட்டாரே தவிர, அலகை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வாய் முழுக்கக் கல்லில் தேய்த்த கீறல். அக்கம்மாள்மேல் பாய்ந்தார்.

"ஏ தங்கச்சி! என் பொழப்புல மண்ணப் போடணும்னே கங்கணம் கட்டிக்கிட்டியா? மாட்ட வித்து அடிச்சேனே, இத அம்மியில தேய்க்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

சந்தனம்மாள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆசாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானா தேச்சேன்? நல்லாருக்குண்ணே! அருவாமனை மழுங்குனாத்தான் எங்கப்பா இந்த வாசல மிதிப்பாகன்னு, மாசாமாசம் உக்காந்து தேய்க்கிறது உங்க மகதேன்!"