தாய்மாமன் மடியும் ஒரு நீல ஸ்டூலும்

அருப்புக்கோட்டையில் யாரையும் நிம்மதியாகச் சம்மணம் போட விடாமல் ஊரையே அடக்கி ஆண்டவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஸ்டூல் டாக்டரம்மாதான்.

அவர் பிசியோதெரபிஸ்ட். பெயர்ப்பலகையில் நல்ல பெயர் ஒன்று இருந்தது, யாரும் படித்ததில்லை. ஸ்கூட்டரின் பின்னால் எப்போதும் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கட்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் குத்தவைத்துப் பூக் கட்டுகிறவர் எழுந்திருக்கும்போது முகம் சுளித்தால் போதும், வண்டி நிற்கும், ஸ்டூல் இறங்கும். காரியாபட்டி பஸ் டிரைவர் ஒருவர், உள்ளே பயணிகள் காத்திருக்க, இறங்கி வந்து தன் இடுப்பையும் காட்டிவிட்டுப் போனார்.

நான் பாத்திரக்கடைக்காரன். கல்லாவில் மெத்தைமேல் சம்மணம் போடுவது எங்கள் பரம்பரைச் சொத்து. வலி வந்ததோ தொடை இடுக்கில். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பொதுவாக இடுப்பு என்று சொல்லிவைத்தேன். ஆளாளுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்தார்கள். ஒருவர் காலை முறுக்கி இழுத்தார். பக்கத்து ஊர் பரளச்சி வரை கேட்கிற மாதிரி கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். குலசாமி கோயிலில், தரையில் உட்கார்ந்த தாய்மாமன் மடியில்தான் குத்தவேண்டும். நான் ஒரே அண்ணன். எனக்கு முடியாவிட்டால் மடி கொடுக்கப் பெரியம்மா மகன் தயாராக இருந்தான். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"எங்க வலின்னு கைய வச்சுக் காட்டுங்க அண்ணாச்சி."

கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டினேன்.

"செம்பைப் பிடிக்கிற மாதிரில்ல பிடிக்கிறீக! இது முதுகு இல்ல, தொடை மூட்டு!" என்று தெருவுக்கே அறிவித்தார். படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். அலறினேன். "இதான், இதேதான்!" என்று அவர் சந்தோஷப்பட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எக்ஸ்ரேயும் அவர் பக்கமே பேசியது.

"கரண்டியை ரொம்பச் சாய்ச்சா காம்பு சட்டி விளிம்புல இடிக்கும்ல? ஒங்க தொடையெலும்பும் குழி விளிம்புல அப்படித்தான் இடிக்குது."

"ஆப்பரேசனா?"

"மொதல்ல இடிக்காமப் பாப்போம். சம்மணம் கூடாது, குத்தவைக்கக் கூடாது, யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது. பின்பக்கச் சதைக்குப் பலம் ஏத்தணும்."

பிறகென்ன, கடைக்குப் பின்னால், அண்டாக்களுக்கு நடுவே மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். முன்னால் கல்லாவில் உயரமான நாற்காலி. பழக்கதோஷத்தில் அதன்மேலும் காலை மடக்குவேன். சரியாக அப்போதுதான் தெருவில் ஸ்கூட்டர் போகும்.

"அண்ணாச்சி, காலு!"

வாடிக்கையாளர் கையிலிருந்து தட்டு விழும். என் கால் அதற்கு முன்பே இறங்கியிருக்கும். வலி மெல்ல மெல்லக் குறைந்தது.

காதுகுத்து நாளில், ஒரு பொழுதுதானே, தரையில் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். டாக்டரம்மாவையும் அழைத்திருந்தேன், வேலைநாளில் வரமாட்டார் என்ற தைரியத்தில். ஜமுக்காளத்தில் காலை மடக்கப் போகும்போது ஸ்கூட்டர் சத்தம். நீல ஸ்டூல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

தங்கச்சியின் மாமியார் கொதித்துவிட்டார். "தாய்மாமன் ஸ்டூல்ல உக்காந்தா சாமி ஏத்துக்கிருமா?"

"சாமிய நல்லாப் பாருங்கம்மா. குதிரைமேல காலைத் தொங்கப்போட்டுத்தான உக்காந்திருக்காக? அவுகளே சம்மணம் போடலையே!"

எல்லோரும் திரும்பிச் சாமியைப் பார்த்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மருமகள் என் மடியில் ஏறி, மீசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வலியே இல்லாமல்.

பிறகு கணவருக்கு மாற்றலாகி டாக்டரம்மா கோயம்புத்தூர் போய்விட்டார். ஸ்டூலை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். போன மாதம் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. இப்போது இடுப்பு தேவலை என்ற மிதப்பில், அதே ஜமுக்காளத்தில் ஜம்மென்று சம்மணம் போட்டுப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஹலோகூட இல்லை.

"அண்ணாச்சி, காலு!"

அத்தனை பேர் முன்னால் அவசரமாகக் காலை நீட்டினேன். அந்த அதட்டலுக்கு இத்தனை நாள் ஏங்கிப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.