குறை சொன்னவரே பொறுப்பு

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று கேட்டால் அது வேறு விஷயம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு உங்களைத் தலைவராகப் போடப் போகிறார்களாம். சங்கத்தைத் திறம்பட நடத்துவது எப்படி என்று நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நாலு எதற்கு? ‘அந்தப் பக்கமே போகாதீர்கள்’. மூன்றிலேயே முடிந்துவிட்டது. மிச்சமுள்ள ஒன்றை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் எங்கள் சங்கத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். எங்கள் தலைவர் ஏதோ பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த வேலை எதையும் தன் மேசையில் தங்கவிடாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளியே நல்ல பெயர் எடுத்தவர் என்று கேள்வி. அந்த மூளையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒரு விதி போட்டார்: கூட்டத்தில் யார் குறை சொல்கிறாரோ அவரே அதற்குப் பொறுப்பு. தலைவரோடு நாலு வீட்டுக்காரர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தால் அது கூட்டம். அதற்கு மேல் இங்கே சேர்ந்ததும் இல்லை. மூன்றாவது மாடியில் பல் டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார். தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று பாவம் வாயைத் திறந்துவிட்டார். “அருமையான கருத்து டாக்டர்! நீங்களே பொறுப்பு எடுத்துக்குங்க” என்றார் தலைவர். அன்றிலிருந்து விடுமுறை நாளில் அந்த அம்மா டார்ச்சோடு மொட்டை மாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது மாடி பாட்டு வாத்தியார், அதே மாடி எதிர்வீட்டு நாய் குரைத்துக் காதைக் கிழிக்கிறது என்றார். நாய் அவர் பொறுப்பில் வந்துவிட்டது. தினமும் காலையில் அது அவரை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுகிறது, நாயின் சொந்தக்காரர் பால்கனியில் நின்று காபி குடித்தபடி இருவருக்கும் கையசைக்கிறார்.

இதெல்லாம் தெரியாமல் குடிவந்த புதிதில் நான் குப்பைத்தொட்டி நாறுகிறது என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், எல்லா மாடித் தொட்டிகளும் என் தலையில். இறக்குவதற்கு ஆள் வராவிட்டால் நானே இறக்க வேண்டும், ஆள் வருவதே இல்லை. போகட்டும் என்று பார்த்தால் இன்னொரு விதி இருக்கிறது, ஆளுக்கு ஒரு பொறுப்புதான். கையில் ஒன்று இருக்கும்வரை அடுத்த குறை சொல்ல வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது புரிகிறதா, இங்கே ஏன் யாருக்கும் குறையே இல்லை என்று? மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள். சுவரில் ஈரம் இறங்கினால் வீடு குளுகுளுவென்று இருக்கிறதாம். ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர், “குறை ஏதாவது உண்டா?” என்று கேட்பார். எல்லோரும் ஆளாளுக்குக் கூரையைப் பார்ப்பார்கள். உடனே கைதட்டல். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இவரிடம் பாடம் கேட்க வருகிறார்கள் மச்சான்! வெட்கக்கேடு.

இந்தக் கூத்துக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. நாங்கள் ஐந்தாவது மாடி. உங்கள் தங்கைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும், படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் மேலே வந்தவள் இன்னும் தரையை மிதிக்கவில்லை. சாயங்காலமானால் பால்கனியில் நாற்காலி போட்டு, தெருவில் போகிறவர்களின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், “பொறுப்பானவர் கையெழுத்து இல்லாம ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டேன் சார்” என்கிறான். நான் குறை சொல்லலாம் என்றால் குப்பை தடுக்கிறது. “இருந்தது ஒரே ஒரு குறை, அதையும் குப்பையில போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!” என்று உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். சரி, அவளே சொல்லட்டும் என்றால், கூட்டத்தில் நேரில் வந்துதான் சொல்ல வேண்டுமாம். கூட்டம் கீழ்த்தளத்தில். கீழே இறங்க லிஃப்ட் வேண்டும்.

நாலாவது மாடி பேராசிரியர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். மூச்சு வாங்கிக்கொண்டே, “படி ஏறினா... இதயத்துக்கு... நல்லதுங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். குப்பை கை மாறினால் நான் லிஃப்டைப் பற்றிப் பேசலாமே என்று இரண்டு நாள் தொட்டிகளை இறக்காமல் வைத்துப் பார்த்தேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு புன்னகையோடு போகிறார்களே தவிர ஒரு ஜென்மமாவது வாய் திறக்க வேண்டுமே! தலைவரையே பிடித்துக் கேட்டேன். “லிஃப்டா? நான் கீழ்த்தளம்தானே, கவனிக்கலியே” என்கிறார். அவர் மனைவி மட்டும் நல்ல மாதிரி. தினமும் சாயங்காலம் படியேறி வந்து உங்கள் தங்கைக்குப் பேச்சுத்துணையாக இருந்துவிட்டுப் போவார்.

ஆகவே மச்சான், பதவி வேண்டாம். சங்கமே வேண்டாம். நாங்களும் இந்த வீட்டை விற்றுவிட்டு, தரையோடு தரையாக ஒரு வீடு பார்த்துப் போவது என்று முடிவு செய்துவிட்டோம். இது சத்தியம்.

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக முழங்கால் வலி இல்லாமல், நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் அன்புள்ள மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு அனுப்ப மறந்துபோனேன். அதுவும் நல்லதுக்குத்தான். போன வாரத்துக்கு முந்தின வாரம் உங்கள் தங்கை டீ குடிக்க வரும்படி பல் டாக்டரையும் பாட்டு வாத்தியாரையும் நாய்க்காரரையும் அழைத்திருந்தாள். தலைவர் மனைவியும் இருந்தார். தலைவர் கீழே இருந்து போன் செய்தார், வீட்டுச் சாவி இந்த அம்மாவின் கைப்பையில் இருந்துவிட்டதாம். “எனக்குக் கால் வலிக்குது, நீங்களே மேல வந்து வாங்கிக்குங்க” என்றார் அம்மா. மனிதர் ஐந்து மாடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து, எங்கள் சோபாவில் தொப்பென்று விழுந்து, “என்ன எழவு லிஃப்ட் இது! ஒருத்தரும் கேக்கறதில்லையா?” என்றார். அவர் மனைவி டீக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். “தலைவரும் நாலு வீட்டுக்காரங்களும் உக்காந்திருக்கோம். குறை சொன்னது நீங்க” என்றார். பாட்டு வாத்தியார் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். உங்கள் தங்கையைப் பார்த்தேன். “நான் டீ மட்டும்தாங்க போட்டேன்” என்றாள்.

இரண்டே நாளில் லிஃப்ட் ஓடியது. கீழே கதவு திறந்ததும் அவள் வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆளுக்கு ஒரு பொறுப்பு என்பதால் லிஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் தலைவராக நீடிக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நேரில் வந்த உங்கள் தங்கை, “தலைவர் இல்லாம ஒரு சங்கமா?” என்று கேட்டாள். அருமையான கருத்து என்று அவளையே போட்டுவிட்டார்கள்.

வீடு விற்கும் பேச்சு இனி இல்லை. நீங்களும் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள், அந்த விதியை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள் என்று உங்கள் தங்கை சொல்லச் சொன்னாள். புதிய தலைவரின் முதல் உத்தரவு நேற்று வந்தது, லிஃப்டில் குப்பைத்தொட்டி ஏற்றக் கூடாதாம். ஐந்து மாடிக்கும் படியிலா என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “குறையா சொல்றீங்க?” என்றாள்.

படி இறங்குவது இதயத்துக்கு நல்லது மச்சான்.