மியூசியம் அண்ணன் அனுப்பிய எலும்புக்கூடு

எழுபது, எண்பதுகளில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் கல்யாணம் செய்துகொண்டவர், காய்ச்சலில் படுத்தவர், பிள்ளை பெற்றவர் எவரும் மியூசியம் அண்ணனின் அட்டைக்குத் தப்பியதில்லை. துறைமுகத்தருகே எங்கள் கப்பல் கம்பெனி ஆபிசில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. மதியத்தில் நாங்கள் சாப்பாட்டுக்கு ஓடுவோம். அவர் மியூசியத்துக்கு நடப்பார், அங்கே விற்கும் பட அஞ்சலட்டைகளை வாங்க.

டைப்பிஸ்ட் லெட்சுமியின் கல்யாணத்துக்கு அவர் அனுப்பியது பீரங்கிப் படம். மாப்பிள்ளை வீட்டார் விளக்கம் கேட்டார்கள். மேனேஜர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது போனதோ, பிணம் புதைக்கும் பழங்காலத் தாழி. வேலைக்குத் திரும்பிய அன்றே மேனேஜர் அட்டையை மேசைமேல் வீசினார்.

"என்னாய்யா இது? நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பின்னால படிங்க சார். 'ஆயிரம் வருஷமா உடையல, நீங்களும் அப்படித்தான்'னு எழுதிருக்கேன் லா!"

ஊருக்கெல்லாம் அனுப்பியவர் ஒருத்திக்கு மட்டும் அனுப்பவில்லை. சொந்த மகளுக்கு. தனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு மெல்போர்ன் போய்விட்டாள் என்று கோபம். மூன்று வருடம் பேச்சில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆபிசுக்கு இன்டர்நெட் வந்தது. ஒரு வெளிநாட்டு மியூசியம் கம்ப்யூட்டரிலேயே வாழ்த்து அட்டை அனுப்ப வசதி செய்திருந்தது. அண்ணனுக்குக் காட்டினேன்.

"ஸ்டாம்ப் எங்க ஒட்டுறது?"

"ஸ்டாம்ப் வேணாண்ணே. ஈமெயில் இருந்தா போதும்."

"நமக்குத் தெரிஞ்சவன் எவன்கிட்ட இருக்கு ஈமெயிலு?"

கேட்டுவிட்டு அவரே தன் மேசைக்குத் திரும்பினார். மறுநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். மகளின் ஈமெயில், அவர் மனைவியின் கையெழுத்தில்.

எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு டைனோசர் எலும்புக்கூட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆங்கில எழுத்தில் தமிழை ஒற்றை விரலால் தட்டினார்: "இது அப்பா. கோவத்துல சதையெல்லாம் போயிருச்சி. எலும்புதான் மிச்சம்."

அனுப்ப மட்டும் கை வரவில்லை.

"நீ அமுக்கு தம்பி."

"நீங்கதாண்ணே அமுக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். அன்று மாலைவரை கம்ப்யூட்டர் பக்கம் வேறு யாரையும் அண்டவிடவில்லை.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அதே மியூசியத்தின் டைனோசர் முட்டை. கீழே: "அப்பா, ஆகஸ்ட்ல நீங்க தாத்தா. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க."

பிரிண்ட் எடுத்தார். மை தீர்ந்து பாதி முட்டைதான் வந்தது. அதையே மேனேஜர் முதல் வாட்ச்மேன்வரை காட்டினார். மதியம் என்னை மீ கோரிங் நூடுல்ஸ் சாப்பிடக் கூட்டிப்போனார். அவர் முகத்தையே பார்த்து நடந்ததில் சாக்கடைக்குள் கால் வைத்துவிட்டேன். கை கொடுத்துத் தூக்கினார். கடை வரும்வரை அந்தக் கையை நான் விடவேயில்லை.