மூண்டுதரத்தார் விலையை இறக்கிய நாள்

மன்னார்த் தீவில் இரகசியம் பேசவே தெரியாத ஒரு மனிதர் உண்டென்றால் அவர் எங்கள் மூண்டுதரத்தார்தான். மீன் சந்தையில் ஏலம் கூறுவது அவருடைய தொழில். அவர் காதோடு காதாக ஒரு விஷயத்தைச் சொன்னால் அது தீவின் உள்ளே இருக்கிற தாராபுரம் வரைக்கும் கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். காற்று வசமாக அடித்தால் பாதி வழி போகும், அவ்வளவுதான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று விடியற்காலையிலிருந்து கத்துகிற மனிதருக்கு ஊர் வேறு என்ன பெயரைத்தான் வைக்கும்? சந்தைக்குப் பக்கத்திலிருந்த மீனவர் சங்கக் கந்தோரில் நான் கிளாக்கர். என்னுடைய மேசை யன்னலோரம். யன்னலுக்கு வெளியே அவர். எந்த வெக்கையிலும் அந்த யன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க வேலை பார்த்தவன் நான். சாத்தினாலும் பிரயோசனம் இல்லை என்பது வேறு கதை.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். ஏறின விலை இறங்காது. கொழும்பு லொறிக்காரப் பொடியன் ஒருவன் ஒருநாள் வாய் தவறிப் பாரைமீன் கூறு ஒன்றுக்கு இரட்டிப்பு விலை கேட்டுவிட்டான். "அண்ணை, பிழையாச் சொல்லிப்போட்டன்" என்று கெஞ்சினான். "தம்பி, பிழையாச் சொன்னாலும் வடிவாச் சொன்னனீர். காசை வையும்" என்றார். பொடியன் காசை வைத்துவிட்டுப் போனவன் போனவன்தான்.

வீட்டிலும் ஏலம்தான். அவர்கள் எனக்குப் பக்கத்து வளவு. "அந்தோனியா, பிளேன்ரீ ஒருதரம்" என்று சத்தம் வரும். மூன்றாந்தரம் வருவதற்குள் அவருடைய மனைவி அந்தோனியாம்மா கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிடுவா. இத்தனை வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தும் அந்த மனிசியின் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. பேசுவதற்கு அவர் எங்கே இடம் விட்டார்?

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் நடந்ததுதான் பெரிய வெட்கக்கேடு. கலியாணம் நடக்க முன்னர் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம். பங்குச் சுவாமி ஒரு சோடிக்கு மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்துகிறார். கோயில் அமைதியாக இருக்கிறது. பின்வரிசை வாங்கிலில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நம்மவர் திடுக்கிட்டு எழும்பி, "மூண்டுதரம்! எடுத்துக்கொண்டு போ!" என்றார். மாப்பிள்ளை வீட்டார் அவரோடு ஆறு மாதம் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் பேசினான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த மனிதருக்கு ஒரே மகள், ஜெனிற்றா. நல்லாகப் படிக்கிற பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் மயிரிழையில் கம்பஸ் இடம் தப்பிப்போய்விட்டது. அவளுக்குப் பேச்சுச் சிகிச்சை படிக்க வேண்டும். வாய் திக்குகிற பிள்ளைகளையும், பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவர்களையும் பேச வைக்கிற படிப்பு. "வீட்டில ஒராள் கதைக்கிறது காணாதெண்டு ஊர் முழுக்கக் கதைக்க வைக்கப்போறாள்" என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் தமிழ்நாட்டில் கிறிஸ்தவ சபையொன்று நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, சந்தையில் அரைமணித்தியாலம் ஏலம் நின்றது. மனிதர் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் நின்று சேர்ட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டணத்தை விசாரிக்க என்னுடைய கந்தோருக்குத்தான் வந்தார். நான் போனைப் போட்டு மேசையில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். படிப்புக்கு இவ்வளவு. விடுதிக்கு இவ்வளவு. சாப்பாட்டுக்கு, நூலகத்துக்கு, ஆய்வுகூடத்துக்கு இவ்வளவு. வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் எல்லாம் டொலரில். கடைசியாக சிற்றாலயத்துக்கும் ஒரு தொகை.

"தங்கச்சி, கோயிலுக்குமோ காசு?" என்றார் இவர். "நாங்கள் இஞ்ச கோயிலுக்குக் குடுத்துக்கொண்டுதான் இருக்கிறம்."

"சார், அது எல்லாருக்கும் உண்டு சார்."

"சரி, முழுக்கச் சேத்து அரைவாசிக்கு முடியுங்கோ. ஒருதரம்."

"சார், இது ஃபிக்ஸ்டு சார். பாஸ்டர் பசங்களுக்கு மட்டும் கன்செஷன் இருக்கு. உங்க சர்ச் ஃபாதரோட பொண்ணா சார்?"

மூண்டுதரத்தார் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். "தங்கச்சி," என்றார், தன்னால் முடிந்த அளவுக்குப் பணிவாக, "எங்கட சுவாமிமாருக்குப் பிள்ளையள் இருக்கேலாது. இருந்தாலும் இப்பிடி வெளியில சொல்லேலாது."

நான் சிரித்தேன்தான். பிறகு அந்த டொலரை எங்கள் ரூபாவாக மாற்றிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. யேசுநாதர் மலையில் ஏறியிருந்து ஒரு சதமும் வாங்காமல் படிப்பித்தவர். கேட்டவர்களுக்கு அப்பமும் மீனும் கொடுத்து அனுப்பினார். அவருடைய பேரில் நடக்கும் இடத்தில் சாப்பாட்டுக்கே தனிக் கட்டணம். அவர்களுக்கும் கரண்ட் பில் இருக்கும், படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் வயிறு எரிந்தது.

மோட்டார் சைக்கிள் போயிற்று. ரோட்டோரக் காணித்துண்டு போயிற்று. அந்தோனியாம்மாவின் தாலிக்கொடி போய், கழுத்தில் மஞ்சள் கயிறு வந்தது. அப்படியும் முதல் வருடக் கட்டணத்தில் கால்வாசி துண்டு விழுந்தது. எங்கள் கோயில் திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. பங்குச் சுவாமி அவரைக் கூப்பிட்டு, எங்கள் பங்குச் சபை உதவி செய்யும் என்று சொல்லிப் பார்த்தார்.

"சுவாமி, நான் வித்துத் திண்டவன். கேட்டுத் திண்டவன் இல்லை" என்றார் மூண்டுதரத்தார். அதை அறைக்குள்தான் சொன்னார். மடத்தடியில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

இனி நாங்கள் செய்த சூழ்ச்சியைச் சொல்கிறேன். திருவிழாப் பூசை முடிய, சனம் நேர்த்திக்குக் கொண்டுவந்த சேவல், தேங்காய், வாழைக்குலை எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவோம். விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. வாங்கினவர் அதைத் திருப்பிக் கோயிலுக்கே கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காய் ஐந்தாறு பேரின் கைக்குப் போய் வந்த வருடமும் உண்டு. கூறுகிறவர் வழமைபோல மூண்டுதரத்தார். சுவாமி ஒலிபெருக்கியில், "இந்த முறை ஏலக்காசு கோயிலுக்கு இல்லை, படிக்கப்போற ஒரு பிள்ளைக்கு" என்று மட்டும் சொன்னார். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரியும். கூறுகிறவருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியாமல் ஊர் ஒரு இரகசியத்தைக் காப்பாற்றியதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

மனிதர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மேசையில் ஏறினார். அன்றைக்கு இருந்த ஆவேசம் ஒருநாளும் கண்டதில்லை.

"படிக்கிற பிள்ளைக்கடாப்பா! ஆர் பெத்த பிள்ளையோ, அதுகும் எங்கட பிள்ளைதான். கையை இறுக்காதேங்கோ! ஆயிரமோ? இது என்ன, தேத்தண்ணிக்கோ கேக்கிறீர்?"

பூசணிக்காய் போய்ப் போய்த் திரும்பி வந்தது. மீன் விற்கிற றீற்றாக்கா ஐயாயிரம் என்று கேட்டா. அது அந்த மனிசிக்குப் பெரிய காசு. இவர் விடவில்லை.

"ஐயாயிரமோ? காதில கிடக்கிற தோடு மின்னுது, வாயில வாறது ஐயாயிரமோ? வெக்கமில்லையோ உனக்கு?"

றீற்றாக்காவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்கு என்னத்துக்கடா வெக்கம்? உன்ர பெட்டைக்கெண்டு குடுக்கவந்த என்னையே பேசுறியோ? ஜெனிற்றா போறதுக்குத்தானே இவ்வளவு கூத்தும்!"

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். மேசையில் நின்றவர் பூசணிக்காயைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற மகளைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"நாலாயிரம்" என்றார்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. தாராபுரத்து ஹாஜியார், பல வருடமாக இவர் கூறுகிற மீனை வாங்கி லொறியில் ஏற்றுகிறவர், முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தார். "பத்தாயிரம்" என்றார் அவர்.

"மூவாயிரம்" என்றார் மூண்டுதரத்தார்.

"இருபது."

"ரெண்டாயிரம். போதும். ஹாஜியார், வேண்டாம்."

சனம் சிரித்தது. ஏலம் கூறுகிறவர் விலையை இறக்குகிறதை யார் கண்டது? நானும் சிரித்தேன். ஐம்பது என்று யாரோ கத்த, இவர் ஆயிரத்துக்கு வந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்று கண்டபிறகுதான் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். அவருக்கு அது விளையாட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் பூசணிக்காயை வைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பார். மகளுடைய படிப்பும் அந்த மேசையோடு முடிந்திருக்கும்.

ஹாஜியார் எழும்பி நின்றார். "ஒரு லட்சம்" என்றார். "எத்தின வருசமா உங்கட வாயை நம்பிக் காசு வைச்சிருக்கிறன். இண்டைக்கு மட்டும் ஏறின விலை இறங்குமோ?"

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அந்தோனியாம்மா முன்னுக்கு வந்தா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேசைக்குக் கிட்டப் போய், அவருடைய கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கினா.

"ஒரு லட்சம், ஒருதரம்" என்றா.

மெல்லிய குரல். ஆனால் நடுங்கவில்லை. ஊர் முழுக்க அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டது. அதற்கு முன்னர் மகள் கேட்டிருப்பாள், மனிதரும் எப்போதோ கேட்டிருக்கலாம்.

"ரெண்டுதரம்" என்றா. பிறகு ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினா. அவர் வாங்கவில்லை. அந்தோனியாம்மாவும் கையை எடுக்கவில்லை. "சொல்லுங்கோ" என்றா. "பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

அவர் ஒலிபெருக்கியை விலக்கிவிட்டு வெறும் வாயால்தான் கத்தினார். "மூண்டுதரம்!" கோயில் முகட்டிலிருந்த புறா அத்தனையும் எழும்பிப் பறந்தன. கத்தி முடித்து மேசையிலேயே குந்தியிருந்து, பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அதையும் மெல்ல அழத் தெரியவில்லை அந்த மனிதருக்கு.

ஜெனிற்றா போனாள். கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோசமாக எழுதி முடித்திருப்பேன். ஆனால் அது நாலு வருடப் படிப்பு. ஊர் ஒரு வருடம் தாங்கும். ஒவ்வொரு வருடமும் பூசணிக்காய் விற்க முடியாது என்று அவருக்கும் தெரியும். இரண்டாம் வருடக் கட்டணம் வருமுன்னரே, ஐம்பது தாண்டின வயதில், வளைகுடாவிலுள்ள கட்டாருக்கு வேலைக்குப் போனார். மன்னார் பஸ் நிலையத்தில் வழியனுப்ப நானும் நின்றேன். "கிளாக்கர் தம்பி, இனி நிம்மதியா எழுதுவீர்" என்று யன்னலால் கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது சந்தையில் ஒரு பொடியன் கூறுகிறான். நல்ல பொடியன்தான். அவன் விலை கூறுவது என்னுடைய மேசை வரைக்கும் கேட்பதே இல்லை, அவ்வளவு பதமாகப் பேசுவான்.

கட்டாரில் அவருக்கு மீன் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிற வேலை. போன கிழமை குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். தட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை. போன் பழுதாய்ப் போச்சாக்கும் என்று நினைத்தேன். காதோடு அழுத்திப் பிடித்தபோதுதான் விளங்கியது. மனிதர் இரகசியம் பேசுகிறார்.

"தம்பி, அறையில எட்டுப் பேர். நைட் வேலை செய்திட்டுப் படுக்கிற பொடியள், பாவங்கள். அதான் மெல்லக் கதைக்கிறன். இஞ்ச மீன் எல்லாம் விலை ஒட்டித்தான் வருது. ஒருத்தரும் கேக்கிறேல்லை, ஒருத்தரும் கூறுறேல்லை. ஜெனிற்றா மூண்டாம் வருசம் வந்திட்டாள். போன மாசம் ஒரு சின்னப் பொடியனை அம்மா எண்டு சொல்ல வைச்சவளாம். அவளின்ர படிப்பு முடியட்டும், வாறன். ஒருதரம்... ரெண்டுதரம்... மிச்சத்தை அங்க வந்து சொல்லுறன்."

அவர் போன நாளிலிருந்து என்னுடைய மேசையோர யன்னலை நான் சாத்தியதே இல்லை.